28 சுற்றுகளில் ஒரு விடுதலைப் போர்: ஒரு பலகை விளையாட்டின் மதிப்புரை

அமெரிக்க விடுதலைப் போரைக் களமாகக் கொண்ட இந்தப் பலகை விளையாட்டை நான் வாங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. முழுப்போரை ஐந்து தடவையும், தனிக்களங்களை இருபது தடவைக்குக் குறையாமலும், பெரும்பாலும் ஒரே நண்பருடன் ஆடிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். வெளியீட்டாளரின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். எனக்கு வந்த பெட்டியில் பிரெஞ்சுப் படைக்குரிய வெள்ளைக் கட்டைகள் இரண்டு குறைந்தன. அவற்றைக் கேட்டு மூன்று கடிதங்கள் எழுதி, ஏழு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. என் பெட்டிக்கு நேர்ந்த கதி எல்லாப் பெட்டிகளுக்கும் நேர்ந்திருக்கும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆகவே விளையாட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பெட்டிக்குள் மூன்றாக மடித்த கெட்டி அட்டை வரைபடம் ஒன்று இருக்கிறது. வடக்கே கியூபெக்கிலிருந்து தெற்கே சவானா வரை பதின்மூன்று குடியேற்றங்களும் அதில் அடங்கும். அமெரிக்கருக்கு நீலம், ஆங்கிலேயருக்குச் சிவப்பு, ஆங்கிலேயருக்காகப் போரிட்ட ஜெர்மானிய ஹெஸ்ஸியக் கூலிப்படைக்குப் பச்சை, பிரெஞ்சுக்காரருக்கு வெள்ளை என்று மரக்கட்டைகள். கட்டையின் பலம் அதன் ஒரு முகத்தில் மட்டும் குறிக்கப்பட்டிருப்பதால், எதிரில் இருப்பவருக்கு அது எத்தனை பேர் கொண்ட படை என்று மோதும்வரை தெரியாது. 1775 வசந்தத்தில் தொடங்கி 1781-இன் குளிர்காலம் வரை ஆண்டுக்கு நான்காக 28 சுற்றுகள். முழுப்போரை ஆடி முடிக்க எங்களுக்குச் சராசரியாக ஆறு மணி நேரம் பிடித்தது. நேரமில்லாதவர்களுக்காக ஒன்பது தனிக்களத் தாள்கள் தரப்பட்டுள்ளன. விதிநூல் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் 44 பக்கத்துக்குப் பொருளகராதி வைக்காமல் விட்டதால், ஆட்டத்தின் நடுவில் ஒரு விதியைத் தேடுவது பழைய பத்திரக்கட்டைப் பிரித்துப் பார்ப்பதுபோல் ஆகிவிடுகிறது.

இந்த விளையாட்டை வடிவமைத்தவர் ஓர் உண்மையை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார். அமெரிக்கத் தலைமைத் தளபதி வாஷிங்டன் தம் போரில் வென்ற களங்களைவிடத் தோற்ற களங்களே அதிகம். நியூயார்க்கை 1776-இலும், தலைநகரமாக இருந்த பிலடெல்பியாவை 1777-இலும், சார்ல்ஸ்டனை 1780-இலும் ஆங்கிலேயர் பிடித்தார்கள், போர் முடியவில்லை. எனவே இங்கே நகரங்களைப் பிடித்தால் கிடைக்கும் புள்ளி மிகக் குறைவு. வரைபடத்தின் ஓரத்தில் ‘உறுதி’ என்றொரு அளவுகோல் உள்ளது; அதைப் பூஜ்யத்துக்கு இறக்கினால்தான் ஆங்கிலேயர் வெல்லலாம். அமெரிக்கருக்கோ வெற்றி என்பது படையைக் கலையாமல் காப்பாற்றிக்கொண்டே, ஆங்கிலேயரின் இரண்டு முழுச் சேனைகளைச் சரணடைய வைப்பது. 1777-இன் சரடோகாவும் 1781-இன் யார்க்டவுனும் அந்த இரண்டு என்பதைச் சொல்லாமலே வரலாறு தெரிந்தவர் புரிந்துகொள்வார்.

படையைக் கலையாமல் காப்பது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் விதிதான் பெட்டியிலேயே சிறந்தது. கான்டினென்டல் படையில், அதாவது அமெரிக்கரின் நிலைப்படையில், சேர்ந்தவர்களின் ஒப்பந்தக் காலம் 1776 டிசம்பர் 31-ஆம் தேதியோடு பெரும்பாலும் முடிவதாக இருந்தது. விளையாட்டில் ஒவ்வொரு குளிர்காலச் சுற்றின் முடிவிலும், அந்தச் சுற்றில் ஒரு மோதலிலாவது வென்றிராவிட்டால், நீலக்கட்டைகளில் பாதியை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். எதிரி அடித்து எடுக்கவில்லை. அவர்கள் தாமாக வீட்டுக்குப் போய்விட்டார்கள். என் இரண்டாவது ஆட்டத்தில் லாங் ஐலண்டில் தோற்று, வாஷிங்டன் கோட்டையில் 2,800 பேருக்குச் சமமான கட்டைகளைப் பறிகொடுத்து, நியூஜெர்சி வழியாக ஓடி, டெலவர் ஆற்றுக்கு மேற்கே மூன்றே மூன்று கட்டைகளோடு நின்றேன். சும்மா இருந்தால் அவற்றிலும் ஒன்றோ இரண்டோ கலைந்துவிடும். ஆற்றைக் கடக்க ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனியே பகடை உருட்ட வேண்டும். உருட்டினேன், இரண்டு கட்டைகள் கடக்கவில்லை, ஒன்று கடந்தது. அந்த ஒன்றைக் கொண்டு டிரென்டனில் இருந்த பச்சைக்கட்டையை அடித்து, படையைக் காப்பாற்றிக்கொண்டேன்.

உண்மையில் நடந்ததும் ஏறக்குறைய அதுவேதான் என்பதைப் பிறகு நினைத்துப் பார்த்தபோது எனக்குச் சற்றே மெய்சிலிர்த்தது. 1776 கிறிஸ்துமஸ் இரவில் மூன்று பிரிவுகள் ஆற்றைக் கடக்கத் திட்டமிடப்பட்டது. பனிக்கட்டி மிதந்த ஆற்றில் வாஷிங்டனின் 2,400 பேரும் 18 பீரங்கிகளும் மட்டுமே நேரத்துக்குக் கரையேறின. மறுநாள் காலை டிரென்டனில் ஹெஸ்ஸியரின் தளபதி கர்னல் ரால் படுகாயமுற்று விழ, 900 ஹெஸ்ஸியர்கள் பிடிபட்டார்கள். ஒரு சிறிய காவல்நகரைப் பிடித்த இந்தச் சண்டையை, அளவைப் பார்த்தால் பெரும்போர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் எட்டு நாளில் பிரின்ஸ்டனிலும் வென்று ஒரு படை உயிரோடிருக்கிறது என்று காட்டியதே அதன் பயன். விதியை எழுதியவர் டிரென்டனை ஒரு தனிச் சீட்டாக வைத்து ‘வரலாற்று நிகழ்வு’ என்று முத்திரை குத்தியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், டிரென்டனைச் செய்தே தீரவேண்டிய நெருக்கடியை ஆடுபவரின் தலையில் ஏற்றிவிட்டார்.

சரடோகாவும் இதே தரத்தில் வந்திருக்கிறது. கனடாவிலிருந்து ஆங்கிலத் தளபதி பர்கோயின் இறங்கும் பாதையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வண்டிச் சின்னம் செலவாகும். அமெரிக்கர் மரங்களை வெட்டிச் சாய்த்த காட்டுவழி என்றால் இரண்டு. டைகாண்டரோகா கோட்டையைச் சண்டையின்றிப் பிடித்த அந்தச் சேனை, அடுத்த இருபத்துச் சொச்சம் மைலைக் கடக்க ஏறக்குறைய மூன்று வாரம் எடுத்துக்கொண்டது ஏன் என்பதை ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் இந்தச் சின்னங்கள் சொல்லிவிடுகின்றன. உணவும் குதிரையும் தேடிப் பெனிங்டன் பக்கம் ஒரு பிரிவை அனுப்பலாமா, வேண்டாமா என்பது சிவப்புக்கட்டைக்காரர் ஒவ்வொரு தடவையும் தலையைச் சொறியும் இடம். பர்கோயின் அனுப்பினார், 1777 ஆகஸ்டு 16 அன்று ஏறக்குறைய 900 பேரை இழந்தார். எங்கள் ஐந்து ஆட்டங்களில் நான்கில் நாங்களும் அனுப்பினோம். அனுப்பாத ஐந்தாவது ஆட்டத்தில் வண்டிகள் தீர்ந்து நடுவழியில் நின்றோம்.

சரடோகா அருகே பெமிஸ் மேட்டில் அமெரிக்கருக்காகப் போலந்துப் பொறியாளர் கோஷ்சுஷ்கோ அமைத்த அரண், ஆற்றுக்கும் மேட்டுக்கும் இடையே வழியை அடைத்துவிடுவதால், பர்கோயின் மேற்கே காட்டுக்குள் விலகியே ஆகவேண்டும். செப்டம்பர் 19 அன்று ஃபிரீமன் பண்ணையில் அவர் களத்தைத் தக்கவைத்துக்கொண்டாலும், ஈடுசெய்ய முடியாத அளவுக்கு ஆட்களை இழந்தார். அக்டோபர் 7 அன்று அமெரிக்கத் தளபதி ஆர்னல்டு முன்னின்று நடத்திய தாக்குதலில் ஆங்கிலத் தரப்பின் அரணும் விழுந்தது. அக்டோபர் 17 அன்று பர்கோயின் 5,900 பேரோடு சரணடைந்தார். தெற்கிலிருந்து ஹட்சன் வழியாக மேலே வந்து அவருக்குக் கைகொடுத்திருக்கக்கூடிய இன்னொரு ஆங்கிலத் தளபதி ஹோவ், கப்பலேறிப் பிலடெல்பியாவுக்குப் போய்விட்டார். விளையாட்டில் இந்தக் குழப்பத்தை உண்டாக்க ஒரு நல்ல உத்தி இருக்கிறது: ஆங்கிலத் தரப்பை இருவர் ஆடினால், ஒருவர் கனடாச் சேனையையும் மற்றவர் நியூயார்க் சேனையையும் வைத்துக்கொண்டு, சுற்றுக்கு ஒரே ஒரு துண்டுச்சீட்டில்தான் பேசிக்கொள்ள முடியும். நாங்கள் மூவராக ஆடிப் பார்த்தது ஒரு தடவைதான். இரண்டு ஆங்கிலத் தளபதிகளும் ஆட்டம் முடிந்தபின் பேசிக்கொண்ட தொனியை வைத்துப் பார்த்தால், உத்தி பலித்திருக்கிறது.

தனிக்களத் தாள்களில் தரம் ஒரே சீராக இல்லை. பங்கர் குன்று நன்று. 1775 ஜூன் 17-இன் சண்டை பெரும்பாலும் பக்கத்திலிருந்த பிரீட் குன்றில்தான் நடந்தது என்பதை வரைபடம் சரியாகக் காட்டுகிறது. அமெரிக்கருக்கு எண்ணி வைத்த வெடிமருந்துச் சின்னங்கள் மட்டுமே; மூன்றாவது ஏற்றத்தில் அவை தீர்ந்துவிடும். குன்று ஆங்கிலேயருக்குப் போய்விடும், ஆனால் மேலே ஏறிய செங்கோட்டுக்காரர்களில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டும் காயமுற்றும் கிடப்பார்கள். லெக்சிங்டன்–கான்கார்டு தாளில் பாஸ்டனுக்குத் திரும்பும் சாலையில் வேலிக்குப் பின்னிருந்து சுடுவதைத் தவிர வேறு வேலை இல்லை. ஆங்கிலேயராக ஆடுபவர் அரைமணி நேரம் அடிவாங்கிக்கொண்டே நடக்கிறார். மன்மத் என்ற ஊரில் 1778-இல் நடந்த சண்டைக்கான தாளைத் தூக்கிப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிடலாம். வெயிலில் சுருண்டு விழுந்தவர்களுக்கென்று ஓர் அட்டவணை இருப்பது மட்டுமே அதில் நினைவில் நிற்கிறது.

தென் கரோலினாவின் காவ்பென்ஸ் களத்துக்கான தாளோ நான் பலருக்கும் ஆடிக்காட்டும் தாள். குடிப்படையினர் (தேவைப்படும்போது மட்டும் திரளும் ஊர்மக்கள்) நேருக்கு நேர் பயனெட்டை, அதாவது துப்பாக்கிமுனைக் கத்தியைக் கண்டால் ஓடிவிடுவார்கள் என்பது இந்தப் போரில் திரும்பத் திரும்ப நிரூபணமான செய்தி. 1780 ஆகஸ்டில் கேம்டனில் அமெரிக்கத் தளபதி கேட்ஸின் சேனை அப்படித்தான் சிதறியது. காவ்பென்ஸில் 1781 ஜனவரி 17 அன்று அமெரிக்கத் தளபதி மோர்கன் அவர்களைத் திருத்த முயலவில்லை. இரண்டு வேட்டு சுட்டுவிட்டுப் பின்வாங்குங்கள், அதுபோதும் என்று சொல்லி முன்வரிசையில் நிறுத்தினார். தாளில் ஒவ்வொரு குடிப்படைக் கட்டையின் மீதும் இரண்டு வெள்ளை வில்லைகள் வைக்கப்படும். சுடுந்தோறும் ஒன்றை எடுத்துவிட வேண்டும். இரண்டும் தீர்ந்ததும் கட்டை தானே பின்னால் நகரும், உறுதி குறையாது. எதிரே ஆங்கிலக் குதிரைப்படைத் தளபதி டார்ல்டனாக ஆடும் நண்பருக்கு, விதி தெரிந்திருந்தும், நகரும் கட்டைகளைப் பார்த்ததும் துரத்தாமல் இருக்க முடியவில்லை. குதிரைகளை அவிழ்த்துவிட்டார், மேட்டுக்குப் பின்னால் அமெரிக்க அதிகாரி ஹவர்டின் நிலைப்படை வரிசையாக நின்றிருந்தது. உண்மைச் சண்டையில் டார்ல்டன் கொண்டுவந்த ஏறத்தாழ 1,100 பேரில் எண்ணூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டோ பிடிபட்டோ போனார்கள். நண்பரின் கணக்கு அதைவிடச் சற்று மோசம்.

தென்னகப் போரின் அடுத்த கட்டத்தையும் விளையாட்டு சரியாகவே கணித்திருக்கிறது. சிவப்புக்கட்டை இழந்த பலத்தைத் துறைமுகத்தில் மட்டுமே மீட்க முடியும். கில்ஃபோர்டு கோர்ட்ஹவுஸில் 1781 மார்ச் 15 அன்று 1,900 பேரோடு இருமடங்குக்கும் அதிகமான எதிரியை வென்ற ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ், அதில் நாலில் ஒரு பங்குக்கு மேல் இழந்து, கடற்கரையை நோக்கி நடக்க வேண்டியதாயிற்று. போரிடுகிறோம், அடிபடுகிறோம், எழுகிறோம், மீண்டும் போரிடுகிறோம் என்று தெற்கில் அமெரிக்கப் படையை நடத்திய கிரீன் எழுதியதை இந்த ஒற்றை விதி எண்ணாக மாற்றித் தருகிறது.

ஆனால் கார்ன்வாலிஸ் கடற்கரைக்கு வந்து சேர்ந்ததும் விளையாட்டு தடுமாறத் தொடங்குகிறது. என் முதன்மையான குறை இதுதான். கடலை இந்த விளையாட்டு ஒரு பகடைக்குள் அடைத்துவிட்டது. ஆங்கிலேயர் எந்தத் துறைமுகத்திலிருந்தும் எந்தத் துறைமுகத்துக்கும் செலவின்றிப் படையை ஏற்றி இறக்கலாம். பிரெஞ்சுக்காரர் போருக்குள் வந்தபிறகு, சுற்றுக்கு ஒருமுறை பகடை உருட்டி நான்குக்கு மேல் விழுந்தால் ஒரு கடற்பகுதியை அடைத்துவிடலாம். பிரெஞ்சுக் கப்பற்படை வந்து நின்ற ஒவ்வொரு தடவையும் என்ன நடந்தது என்பதை யோசித்தால் இது எவ்வளவு மேலோட்டமானது என்று புரியும். 1778-இல் நியூபோர்ட்டில் புயல் பிரெஞ்சுத் தளபதி தேஸ்தேன் பிரபுவின் கப்பல்களைச் சிதறடித்தது. 1779 அக்டோபரில் அதே தளபதி சவானாவில் முற்றுகையை நீட்டிக்கப் பொறுமையின்றி நேரே மோதித் தோற்றார். 1781-இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி டி கிராஸ் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தபோது, 3,000க்கும் மேற்பட்ட வீரர்களைக் கூடவே அழைத்துவந்தார். அக்டோபர் நடுவில் திரும்பிப் போகவேண்டும் என்று கெடுவும் சொல்லியிருந்தார். பருவக்காற்று, தீவுகளின் சர்க்கரை வருமானம், தளபதியின் சுபாவம், இவை மூன்றும் சேர்ந்த கணக்கை ஒரு பகடை எப்படிச் சுமக்கும்?

செப்டம்பர் 5 அன்று செசாபீக் விரிகுடாவின் வாயிலில் டி கிராஸின் 24 கப்பல்களும் ஆங்கிலத் தளபதி கிரேவ்ஸின் 19 கப்பல்களும் மோதியதில் எந்தக் கப்பலும் பிடிபடவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் யாரும் வெல்லாத சண்டை. ஆனால் கிரேவ்ஸ் நியூயார்க்குக்குத் திரும்பிவிட்டார். அந்த இடைவெளியில் நியூபோர்ட்டிலிருந்து இன்னொரு பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி பாராஸ் முற்றுகைப் பீரங்கிகளோடு விரிகுடாவுக்குள் நுழைந்தார். நியூயார்க் அருகிலிருந்து நானூறு மைலுக்கும் மேல் நடந்துவந்த வாஷிங்டனும் பிரெஞ்சுத் தரைப்படைத் தளபதி ரோஷம்போவும் செப்டம்பர் 28 அன்று யார்க்டவுனை வளைத்தபோது, கார்ன்வாலிஸுக்குக் கடல் என்ற பின்கதவு பூட்டப்பட்டிருந்தது. இந்தப் போரின் மிகமுக்கியமான களம் எது என்று என்னைக் கேட்டால், நான் நிலத்திலிருக்கும் எந்த ஊரையும் சொல்லமாட்டேன். அந்தக் களத்துக்கு ஒன்பது தாள்களில் ஒன்றுகூட இல்லை.

இருக்கும் யார்க்டவுன் தாள் முற்றுகையின் கடைசி ஐந்து நாட்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அக்டோபர் 14 இரவில் 9, 10 என்ற எண்ணிட்ட இரண்டு அரண்களைப் பிடிப்பது அதன் உச்சம். அமெரிக்க அதிகாரி ஹாமில்டனின் ஆட்கள் குண்டு போடாத துப்பாக்கியும் பயனெட்டுமாக 10-ஆம் அரணுக்குள் பாய்ந்தார்கள், பிரெஞ்சுக்காரர் 9-ஐப் பிடித்தார்கள். ஆடச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் முடிவு ஏற்கெனவே தெரிந்த ஆட்டம். அக்டோபர் 19 அன்று உடல்நலமில்லை என்று சொல்லிக் கார்ன்வாலிஸ் சரணடையும் நிகழ்ச்சிக்கு வராமல் தம் துணைத் தளபதி ஓ’ஹாராவை அனுப்பியதற்கும் ஒரு சீட்டு வைத்திருக்கிறார்கள். அதனால் எந்தப் பயனும் இல்லை, சிரிக்க மட்டும் உதவும். (அந்தக் கார்ன்வாலிஸ்தான் ஐந்தே ஆண்டுகளில் தலைமை ஆளுநராக இந்தியாவுக்கு வந்து, 1792-இல் சீரங்கப்பட்டினத்தின் வாசலில் நின்று திப்புவின் நாட்டில் பாதியை எழுதி வாங்கியவர். தோற்றவருக்குப் பேரரசு வேறு வேலை கொடுத்தது.)

சொல்லவேண்டிய இன்னொரு குறையும் உண்டு. இரோகுவா என்ற பூர்வகுடிக் கூட்டமைப்பின் மக்கள் இங்கே ‘எல்லைத் தாக்குதல்’ என்ற ஒரே சீட்டாகச் சுருங்கிவிட்டார்கள். 1777 ஆகஸ்டில் ஒரிஸ்கனியில் அந்தக் கூட்டமைப்பே இரண்டாகப் பிரிந்து எதிரெதிர் அணியில் நின்றது; 1779-இல் அமெரிக்கத் தளபதி சலிவனின் படை அவர்களுடைய ஊர்களையும் விளைந்த சோளத்தையும் எரித்தது. இதில் எதுவும் வரைபடத்தில் இல்லை. 1775 நவம்பரில் வர்ஜீனிய ஆளுநர் டன்மோர், கிளர்ச்சிக்காரரின் அடிமைகள் மன்னர் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்ததும் இல்லை. விடுதலைப் போர் என்று பெட்டியின் மீது பெரிய எழுத்தில் அச்சிட்டவர்கள், அந்தச் சொல்லைக் கேட்டுக் காதைத் தீட்டிக்கொண்டவர்கள் யார்யார் என்பதற்கும் இரண்டு கட்டைகளாவது ஒதுக்கியிருக்கலாம்.

கடல் குறைக்கு நாங்கள் ஒரு வீட்டுவிதி செய்துகொண்டோம், வாங்குபவர்களுக்கு உதவக்கூடும். வரைபடத்தின் வலதுகீழ் மூலையில் மேற்கிந்தியத் தீவுகள் என்று ஒரு கட்டம் வரைந்தோம். இரு கடற்படைகளுக்கும் பத்துப்பத்து வில்லைகள். ஒவ்வொரு சுற்றிலும் எத்தனையைத் தீவுகளில் நிறுத்துவது, எத்தனையை அமெரிக்கக் கரைக்கு அனுப்புவது என்று இருவரும் கைக்குள் மூடிவைத்து ஒரே நேரத்தில் திறக்கிறோம். தீவுகளில் குறைவாக வைத்தவர் புள்ளி இழப்பார். கரையில் அதிகம் வைத்தவர் ஒரு கடற்பகுதியை அடைப்பார். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் மட்டுமே பிரெஞ்சுக்காரர் வரலாம். இதைச் சேர்த்தபிறகு ஆட்டம் ஒரு மணி நேரம் நீண்டது. ஆனால் கார்ன்வாலிஸாக ஆடுபவர் கடற்கரையில் முகாமிடும்போது முதல் தடவையாகத் தயங்குகிறார்.

வரைபடம் அட்லாண்டிக் கரையோடு முடிந்துவிடுவது தமிழ் வாசகர் ஒருவருக்கு உறுத்தாமல் இருக்காது. பிரான்சு உள்ளே வந்தபிறகு இந்தப் போர் நம் கடற்கரைக்கும் வந்தது. 1782-இல் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை ஆகியவற்றின் கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி ஸூஃப்ரெனும் ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். 1783 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி காத்துநின்ற கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டார்கள். ஜூன் 20 அன்று 15 கப்பல்களோடு ஸூஃப்ரென், 18 கப்பல்கள் வைத்திருந்த ஹியூஸை விலகிப்போகச் செய்தார். முன்னோட்ட உடன்படிக்கை ஐரோப்பாவில் கையெழுத்தாகி மாதங்கள் கடந்திருந்தன. செய்தி ஜூன் இறுதியில்தான் கடலூருக்கு வந்து சேர்ந்தது. பத்தாவது தாளாக அதை நாங்களே வரைந்திருக்கிறோம். கெடில ஆற்றையும் கோட்டையையும் பென்சிலால் குறித்து, கப்பல்களுக்குப் புளியங்கொட்டையை வைத்து ஆடுகிறோம். சுற்றுக்கு ஒருமுறை இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். இரண்டிலும் ஆறு விழுந்தால் சமாதானச் செய்தியோடு கப்பல் வந்துவிட்டதென்று பொருள், யார் எந்த நிலையில் இருந்தாலும் ஆட்டம் அங்கேயே நிற்கும். போன வாரம் நண்பர் கோட்டை மதிலை உடைக்க ஒரே ஒரு சுற்று பாக்கி இருக்கும்போது அது விழுந்தது.